பழைய வீட்டுக் கணினி அடிக்கடி நின்றுபோகிறதா? பழுது பார்ப்பதா, பாகம் மாற்றுவதா, வேறு வாங்குவதா

வீட்டில் எட்டு, பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிடும், மவுஸ் அசையாது. இல்லையென்றால் நீலத்திரை வந்து தானாக அணைந்து மறுபடி எழும்பும். வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். ஃபார்மட் பண்ணு என்பார் ஒருவர், ராம் (தற்காலிக நினைவகம்) கூட்டு என்பார் இன்னொருவர், லோயாட் பிளாசா கணினிக் கடைகளுக்குக் கொண்டுபோ என்பார் மூன்றாமவர், இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு புதுசு வாங்கு என்று மகன் சொல்வான். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று பல பக்கத்திலிருந்தும் என்னிடம் வரும் கேள்வி இதுதான்: இதில் எதைச் செய்வது?

கணினியின் வயதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். பத்து வருடக் கணினி 200 மலேசிய வெள்ளிக்குள் சரியாகி இன்னும் சில வருடம் ஓடலாம். ஆறு வருடக் கணினிக்கு ஒரு காசுகூடச் செலவழிக்கக் கூடாது என்ற நிலையும் வரலாம். எது கெட்டிருக்கிறது, உள்ளே இருக்கும் பிராசசர் (கணினியின் முதன்மைச் சில்லு) எந்தத் தலைமுறை, இந்த இரண்டும் தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் முடிவாகிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், உள்ளே இருக்கும் கோப்புகள். படங்கள், பிள்ளையின் பள்ளி வேலை, கோயில் கமிட்டிக் கணக்கு, வருமான வரிப் படிவங்கள். இவற்றுக்கு வேறெங்கும் நகல் இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இன்றைக்கே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலோ பென்டிரைவிலோ எடுத்து வைத்துவிடுங்கள். சோதனை, சுத்தம், கடை எல்லாம் அதற்கப்புறம்தான். நின்று நின்று போகும் கணினியில் ஹார்ட் டிஸ்க் சாகும் நிலையில் இருந்தால், நாம் செய்யும் ஒவ்வொரு சோதனையும் அதை இன்னும் வேகமாகச் சாகடிக்கும்.

இரண்டாவது, விண்டோஸ் 11 ஏறுமா என்பது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், கணினி எழும்பும்போது காவல் காக்கும் செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்தது 2017-இல். எப்படிப் பார்ப்பது? பிராசசர் பெயரில் ஐ5-7200 என்பதுபோல் இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 7 தான் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. மேசைக் கணினிகளில் டி.பி.எம். இருந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) அணைத்து வைக்கப்பட்டிருப்பது சகஜம், அதனால் "ஆதரவு இல்லை" என்று திரை சொன்னதும் நம்பிவிட வேண்டாம், தலைமுறையைப் பாருங்கள்.

மூன்றாவது, மொத்தச் செலவு. பாகத்தின் விலை மட்டும் இல்லை, கூலி, பார்க்கிங், இரண்டு முறை அலைச்சல், சரியாகும்வரை வேலை கெடுவது எல்லாம் சேர்த்து. நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: பழுதுக்கு ஆகும் மொத்தம், அதே வேலையைச் செய்யக்கூடிய பழைய அலுவலகக் கணினி ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பழுதுபார்ப்பதை மறந்துவிடலாம்.

நான்காவது, யாருக்கு, எதற்கு. வங்கிக் கணக்கு பார்ப்பது, இ-ஃபைலிங், ஊழியர் சேமநிதிக் கணக்கு என்று பணம் சம்பந்தப்பட்ட வேலை நடக்கும் கணினி பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் இருக்கவே கூடாது. யூடியூபில் பாட்டு கேட்க மட்டும் என்றால் கொஞ்சம் தளர்த்தலாம்.

## முடிவுக்கு முன்னால்: எது கெட்டிருக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். தவறான பாகத்துக்குக் காசு போவது இங்கே சோம்பல் படுவதால்தான்.

நின்றுபோவதும் அணைந்துபோவதும் ஒரே நோய் இல்லை. சில வினாடி, சில நிமிடம் எல்லாம் உறைந்து, பிறகு தானாகத் திரும்பி வந்தால், அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டினால், சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சட்டென்று அணைந்தால், அதுவும் வீடியோ அழைப்பு, விளையாட்டு போன்ற கனமான வேலை கொஞ்ச நேரம் ஓடிய பிறகு என்றால், சூடு அல்லது பவர் சப்ளை. நீலத்திரை வந்து, வரும்போதெல்லாம் வேறு வேறு பெயர் காட்டினால் ராம் மேல் சந்தேகப்படலாம். எப்போதும் ஒரே டிரைவர் கோப்பின் (பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) பெயரைக் காட்டினால் அந்த டிரைவரைப் புதுப்பித்தாலே போதும், ஒரு காசு செலவில்லை. ஒரு செயலி மட்டும் மூடிக்கொள்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் கணினியில் கோளாறு இல்லை, அந்தச் செயலியில்தான்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், சோதித்துப் பார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. விண்டோஸ் தேடல் பெட்டியில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி திறக்கும். எந்த நாளில் எது விழுந்தது என்று தேதிவாரியாகச் சிவப்புக் குறியோடு இருக்கும், கோளாறு எப்போது ஆரம்பித்தது, அதற்கு முந்திய நாள் எதை நிறுவினீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் அந்த டிஸ்கை நம்பக் கூடாது. ராமுக்கு மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் வேண்டாம். சூட்டைப் பார்க்கக் கோர் டெம்ப் போன்ற ஒரு மென்பொருள். வேலை செய்யும்போது 90 டிகிரி செல்சியஸைத் தாண்டி 100-ஐ நெருங்கினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், முடியாவிட்டால் அணைத்துவிடும்.

நம் ஊருக்கென்று இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மத்தியான இடிமழை. மின்னல் அடித்த அன்றிலிருந்துதான் இப்படி ஆகிறது என்றால் பவர் சப்ளையையும் மதர்போர்டையும் (எல்லாப் பாகமும் பொருந்தும் முதன்மைப் பலகை) முதலில் பாருங்கள், மென்பொருளில் நேரம் வீணாக்காதீர்கள். இன்னொன்று, புகையும் எண்ணெயும். சாமி மேடைக்குப் பக்கத்திலோ சமையலறை வாசலிலோ கணினி இருந்தால், சாம்பிராணிப் புகையும் தாளிக்கும் எண்ணெய் ஆவியும் தூசியோடு சேர்ந்து காற்றாடியிலும் அதன் பின்னால் இருக்கும் உலோகத் தகடுகளிலும் பிசின் மாதிரி ஒட்டிவிடும். ஊதினால் போகாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

## வழி ஒன்று: சுத்தம் செய்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது

செலவு: ஒரு தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கடத்தும் பசை), ஒரு ஊதும் டின் (அழுத்திய காற்று), இரண்டும் சில பத்து வெள்ளிக்குள். மேசைக் கணினி என்றால் யாரும் செய்யலாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றி, காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். வீட்டு வேக்குவத்தை உள்ளே விடாதீர்கள், நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கும். மடிக்கணினியில் காற்றாடிவரை போவது சில மாடல்களில் பத்து நிமிடம், சிலவற்றில் விசைப்பலகையையே கழற்ற வேண்டியிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு விண்டோஸை மறுபடி ஏற்றுவதில்தான். ஃபார்மட் செய்தால் பழைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் போய்விடும். யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் தட்டச்சு செய்த திருமண அழைப்பிதழ், சங்க அறிக்கை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் அந்தந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் குறிகளாகத்தான் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையை முழுசாக நகல் எடுத்து வையுங்கள். முரசு அஞ்சல் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அதன் உரிம எண்ணையும் எழுதி வையுங்கள். இதை எந்தக் கடைக்காரரும் உங்களுக்கு நினைவுபடுத்த மாட்டார்.

எப்போது இது சரியான வழி? டிஸ்க் நீலம், ராம் பிழையில்லை, சூடு அதிகம் அல்லது டிரைவர் கோளாறு என்று தெரிந்தால். டிஸ்க் மஞ்சளோ சிவப்போ காட்டும்போது ஃபார்மட் செய்வது வீண்வேலை.

## வழி இரண்டு: எஸ்.எஸ்.டி., ராம் மாற்றுவது

பழைய கணினிக்குச் செய்யக்கூடியதில் பலன் கண்ணுக்குத் தெரிவது இதுதான், முக்கியமாக எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம். சுழலும் ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100, 150 எம்.பி. படிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. 500-ஐத் தாண்டும். ஆனால் உண்மையான வித்தியாசம் சின்னச் சின்னக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் தேடி எடுப்பதில் இருக்கிறது, விண்டோஸ் எழும்பும்போது செய்வது அதைத்தான். டிஸ்க் 100 சதவீதம் காட்டி உறைந்துகொண்டிருந்த கணினி இதற்குப் பிறகு வேறு கணினிபோல் நடந்துகொள்ளும்.

ராம் 4 ஜி.பி. இருந்தால் 8 ஆக்குவது நல்லது, ஆனால் விலையைப் பார்த்துச் செய்யுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்கக் கடுமையாக ஏறிவிட்டது, செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால். எஸ்.எஸ்.டி. விலையும் அதோடு ஏறியது. டி.டி.ஆர்.3 என்ற பழைய வகை ராம் எடுக்கும் கணினி என்றால் கழற்றிய பழைய ராமே கடைகளில் கிடைக்கும், வாங்கியதும் மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது, பாகம் மாற்ற முடியுமா என்பது. மலிவான சின்ன மடிக்கணினிகளில் 32 அல்லது 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. சேமிப்பகம் பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. மெல்லிய மடிக்கணினிகளில் ராமும் அப்படியே. பயாஸில் எதையாவது மாற்றினாலோ டி.பி.எம்.-ஐத் தொட்டாலோ பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) சாவி கேட்கும் கணினிகளும் உண்டு. அந்த மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் கோப்புகள் பூட்டியது பூட்டியதுதான்.

எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்றால் தயங்காமல் செய்யலாம். ஏழாம் தலைமுறை அல்லது அதற்குக் கீழே என்றால், எஸ்.எஸ்.டி. போட்ட பிறகும் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. ஏதோ வழியில் ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், ஏறவும் ஏறும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. பண வேலை செய்யும் கணினிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

## வழி மூன்று: கடையில் கொடுப்பது

பவர் சப்ளை, மதர்போர்டு, மடிக்கணினித் திரைக் கீல் இதெல்லாம் வீட்டில் செய்கிற வேலை இல்லை. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங்கிலுள்ள லோயாட் பிளாசாவின் பலம், ஒரே கட்டடத்தில் நாலைந்து கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம் என்பது. கே.எல். சென்ட்ரல் பக்கம் இருப்பவர்கள் மோனோரயிலில் போனால் பார்க்கிங் காசு மிச்சம். தாமான் கடைவரிசையில் இருக்கும் சின்னக் கடையின் பலம் வேறு: நாளைக்கும் அவர் அங்கேயேதான் இருப்பார், மறுபடி கோளாறு வந்தால் நேராகப் போய்க் கேட்கலாம். பாகம் வாங்க லோயாட், பழுதுபார்க்கப் பக்கத்துக் கடை என்பது என் பழக்கம்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, சரிசெய்ய வேண்டாம் என்று திரும்ப வாங்கினால் அந்தக் காசு உண்டா, போடும் பாகம் புதியதா கழற்றியதா, உத்தரவாதம் எத்தனை மாதம், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா. "அண்ணே, எதைத் தொடுவதற்கு முன்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்கள், நான் சரி சொன்ன பிறகு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு, அதையே வாட்சப்பிலும் அனுப்பி வைத்தால் பின்னால் வாக்குவாதம் இருக்காது. பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை நீக்கி, எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறிவிட்டுக் கொடுங்கள். கணினி எழும்பவே இல்லை என்றால் முக்கியக் கடவுச்சொற்களைக் கைப்பேசியிலிருந்தே மாற்றிவிடுங்கள்.

ரசீது கண்டிப்பாக வேண்டும். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைக்கும் பொருந்தும். காசு வாங்கிக்கொண்டு சரிசெய்யாமல் இழுத்தடித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. ரசீதும் வாட்சப் செய்திகளும்தான் அங்கே பேசும்.

இன்னொன்று. டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் கணினியை உடனே அணைத்துவிடுங்கள், மறுபடி போடாதீர்கள். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் தரவு மீட்பு மட்டுமே செய்யும் இடத்துக்குத்தான் போக வேண்டும், அதற்குக் கணினியின் விலையைவிட அதிகம் ஆகலாம். சாதாரணக் கடையில் "முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்" என்று கொடுத்தால் மீட்க முடிந்ததும் முடியாமல் போகும்.

## வழி நான்கு: லினக்ஸ்

ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினி, பாகமெல்லாம் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் 11 மட்டும் ஏறாது. இந்த நிலைக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் நல்ல பதில். காசு இல்லை, 4 ஜி.பி. ராமில் ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்கில் எதையும் தொடாது. சொல்லப்போனால் இது நல்ல சோதனையும்கூட: லினக்ஸிலும் அதே மாதிரி நின்றுபோனால் கோளாறு வன்பொருளில்தான்.

தமிழ்99 விசைப்பலகையை அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். முரசு அஞ்சலில் கைபழகியவர்களுக்குக் கொஞ்சம் சிரமம், அது விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான். வேர்டில் செய்த கோப்பு லிப்ரே ஆபிஸில் திறக்கும், ஆனால் அட்டவணைகள் கொஞ்சம் இடம் மாறும். பழைய பிரின்டரை முன்கூட்டியே சோதியுங்கள். வீட்டில் ஒருவராவது இதை ஆர்வமாகக் கற்றுக்கொள்வார் என்றால் செய்யுங்கள். தனியாக இருக்கும் வயதான பெற்றோருக்கு, பக்கத்தில் கேட்க ஆளில்லாமல், இதைப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

## வழி ஐந்து: அலுவலகத்தில் ஓடிய பழைய கணினி

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். நிறுவனங்கள் மூன்று, நான்கு வருடத்தில் மாற்றிவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக், ஆப்டிபிளெக்ஸ் வகைகள் கட்டுமானத்தில் உறுதியானவை, பாகம் மாற்றுவதும் எளிது. ஆயிரம் வெள்ளியைச் சுற்றிய விலையில், அதே விலைக்கு வரும் மலிவான புதிய மடிக்கணினியைவிட இவை நன்றாக உழைக்கும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த பிறகு பலர் தள்ளிவிடப் பார்ப்பது அதைத்தான்.

கடையிலேயே நின்று பார்க்க வேண்டியவை: கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, பேட்டரி அறிக்கையில் ஆரம்பத் திறனுக்கும் இப்போதைய முழுத் திறனுக்கும் உள்ள இடைவெளி, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, பயாஸுக்குள் கடவுச்சொல் இல்லாமல் போக முடிகிறதா. பழைய நிறுவனத்தின் பெயரில் இன்னும் பதிவாகியிருந்தால், விண்டோஸை மறுபடி ஏற்றி இணையத்தில் இணைத்ததும் அந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அதனால் ரீசெட் செய்து, கடை வைஃபையில் இணைத்து, உங்கள் கண்முன்னே புதுக் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். பேட்டரி தேய்ந்திருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

## வழி ஆறு: புதியது

கல்லூரிக்குப் போகும் பிள்ளை, தினமும் வேலைக்கு எடுத்துப் போகும் ஆள், வீடியோ தொகுப்பு செய்பவர், இவர்களுக்குப் புதியதுதான். முழு உத்தரவாதமும் புதுப் பேட்டரியும் அவர்களுக்கு உண்மையில் தேவை. 8 ஜி.பி. ராம் ஒட்டப்பட்ட மாடலைத் தவிர்த்து, 16 இருப்பதை அல்லது கூட்ட முடிவதைப் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் கணினி, வருமான வரியில் வாழ்க்கைமுறை விலக்கான 2,500 வெள்ளிக்குள் வரும், புத்தகம், இணையக் கட்டணம் எல்லாம் அதே கணக்கில்தான் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ஏழு வருடம் பத்திரமாக இருக்க வேண்டும். வருடக் கடைசியில் வாங்குவதா, ஜனவரியில் வாங்குவதா என்று தயங்கினால், அந்த வருட விலக்கில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து முடிவு செய்யலாம்.

புதியது வாங்கினாலும் சரி, அலுவலகக் கணினி வாங்கினாலும் சரி, சர்ஜ் புரொடெக்டர் இருக்கும் நீட்டிப்புப் பெட்டியையும் சேர்த்தே வாங்குங்கள், இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றும் பழக்கத்தையும் விட வேண்டாம். பழைய கணினியின் டிஸ்க் நீலம் காட்டினால் அதைக் கழற்றி, ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு இரண்டாவது நகலுக்கு வைத்துக்கொள்ளலாம். மஞ்சள், சிவப்பு என்றால் கோப்புகளை எடுத்த பிறகு டிஸ்கை முழுவதும் அழித்துவிட்டு, குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய சாமான் வாங்க லாரியில் வருபவரிடம் டிஸ்கோடு கொடுக்காதீர்கள்.